பழைய ரிவால்வருக்கு மறுபிறவி தேவையா?

2020இல் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட் தன் பைத்தான் ரிவால்வரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து துப்பாக்கி ஆர்வலர்களில் ஒரு சாரார், இது பழம்பெருமையைக் காசாக்கும் வேலை என்று சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோற்றம் பழையதாகவே இருக்கட்டும். உள்ளே நடக்கும் வேலை இன்றைய வேலையாக இருந்தால் அந்த மறுபிறவி நியாயமானதுதான்.

புல்லட் தயாரான திருவொற்றியூரில் இருந்துகொண்டு வேறு எப்படி நினைக்க முடியும்? பைத்தான் முதன்முதலில் வெளிவந்தது 1955இல். அதே ஆண்டில்தான் ராயல் என்ஃபீல்டின் புல்லட் மோட்டார் சைக்கிளைச் சென்னையிலேயே செய்வதற்கு ஏற்பாடானது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயரே இங்கிலாந்தின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையோடு வந்த உறவால் அமைந்தது. 2009இல் அதன் கிளாசிக் மாடல் வந்தபோது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய், கியர்பாக்ஸும் சேர்ந்தே அமைந்த புதிய இன்ஜின் வந்தது. பழைய சத்தம் போய்விட்டதே என்று எங்கள் பகுதி மெக்கானிக்குகள் மனம் நொந்தார்கள். ஆனால் அந்த மாற்றம்தான் வண்டியை அடுத்த தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது.

ரிவால்வரிலும் சிக்கல் உள்ளேதான். விசையை இழுக்கும்போது ஒரு சிறு கொக்கி, தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் தள்ளிச் சுழற்றுகிறது. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியான குதிரை விழுவதற்குள் உருளையின் பள்ளத்தில் பூட்டு சரியாக இறங்கியிருக்க வேண்டும். இதில் சிறிது தேய்மானம் வந்தாலும் தோட்டா அறை குழலுக்கு நேராக நிற்காது. குண்டின் ஈயம் குழலின் விளிம்பில் உரசிச் சிதறும். பழைய பைத்தானின் இந்தப் பாகங்களைக் கைதேர்ந்த ஃபிட்டர்கள் அரத்தால் இழைத்து இழைத்துப் பொருத்தினார்கள். பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் அந்த வேலையின் அழகு எனக்குத் தெரியும். அந்தக் கை ஓய்ந்துவிட்டால் பழுது பார்க்க ஆள் கிடைக்காது என்பதும் தெரியும். புதிய பைத்தானில் பாகங்களைக் குறைத்தார்கள், உறுதியான எஃகுக்கு மாறினார்கள், பின்பக்கக் குறிகாட்டிக்குக் கீழே சட்டத்தைத் தடிமனாக்கினார்கள். அதைத்தான் மறுபிறவி என்பேன்.

காவல்துறைகள் இனி ரிவால்வருக்குத் திரும்பப் போவதில்லை. 1982இல் வந்த கிளாக் 17 பிஸ்டலில் 17 தோட்டாக்கள், பைத்தானில் 6. விலையோ 2020இலேயே 1,499 டாலர். இருந்தாலும் ஒரே ரிவால்வரில் .357 மேக்னம், .38 ஸ்பெஷல் என்ற இரண்டு வகைத் தோட்டாக்களையும் சுட விரும்புகிறவர்கள் உண்டு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தாலே அடுத்தது வந்து நிற்கும் என்ற நம்பிக்கைக்காக வாங்குகிறவர்களும் உண்டு. சிறிய சந்தைதான், ஆனால் உண்மையான சந்தை.

நம் நாட்டு நிலைமைதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. .38 தோட்டா சுடும் ரிவால்வர் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம்; இறக்குமதியும் 1980களிலேயே பொதுமக்களுக்கு ஏறக்குறைய நின்றுபோனது. எஞ்சியது பெரும்பாலும் அதைவிடச் சிறிய .32 ரகம். அரசுத் தொழிற்சாலைகள் வெப்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய அமைப்பையே விடாமல் செய்துவந்தன. 2014இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோ எடைதான், ஆனால் அப்போதே விலை 1.2 லட்சம் ரூபாய்க்கு மேல். இங்கே ரிவால்வர் சாகவே இல்லை, அதனால் அதைத் திருத்தி எழுப்ப வேண்டும் என்று வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை. வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லை என்ற துணிச்சலில் ஒரு தொழில் நடக்கக் கூடாது. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. லட்சக்கணக்கில் செலவழித்து அந்த இரண்டில் ஒன்றாக ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர் நல்ல பொருளைக் கேட்பது பேராசை ஆகாது.

இப்போது வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் .32 ரிவால்வர் தயாராகிறது. அந்தப் பெயருக்காக மட்டும் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். எத்தனை ஆயிரம் தோட்டாக்கள் சுட்ட பிறகும் உருளையின் பூட்டு பிசகாமல் நிற்கிறது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் அரம் படாமல் பொருந்துமா, உதிரிப் பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.