அந்த போர்டு சாகவில்லை, தூக்கிப் போடாதீர்கள்!

"போர்டு போயிடுச்சு சார், புதுசுதான் வாங்கணும்." ப்ளூ பில் என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் இப்படிச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வாங்கி யூஎஸ்பியில் செருகிப் பார்த்தால், அவர்கள் கடைசியாக ஏற்றிய புரோகிராம் உள்ளே ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. பிசி13 பின்னில் இருக்கும் எல்இடி விட்டு விட்டு மின்னுகிறது. எல்இடியை மின்ன வைக்கிற சிப் எப்படி ஐயா செத்திருக்கும்?

நடப்பது இதுதான். அந்த போர்டில் இருக்கும் எஸ்டிஎம்32எஃப்103 சிப்புக்குள் டீபக்கர் (கணினியிலிருந்து புரோகிராமை ஏற்றவும் சோதிக்கவும் உதவும் கருவி) நுழைவது பிஏ13, பிஏ14 என்ற இரண்டு பின்கள் வழியாக. ரீசெட் ஆனதும் அவை இரண்டும் டீபக்கருக்காகவே திறந்திருக்கும். ஆனால் பின்களைப் படமாகக் காட்டி, புரோகிராமின் தொடக்க வரிகளை எழுதித் தரும் மென்பொருளில் சிப்பின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் புது ப்ராஜெக்ட் ஆரம்பித்தால், டீபக் என்ற இடத்தில் 'நோ டீபக்' என்றுதான் முதலிலேயே நிற்கிறது. அதை மாற்றாமல் விட்டால், டீபக் போர்ட்டை அடைக்கும் ஒரு வரி புரோகிராமுக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுவும் மெயின் ஃபைலில் இல்லை, புதிதாகக் கற்பவர் திறந்தே பார்க்காத எம்எஸ்பி ஃபைலில். முதல் தடவை ஏற்றும்போது எந்தக் குறையும் தெரியாது. புரோகிராம் ஓடத் தொடங்கி அந்த வரியைத் தாண்டியதும் கதவு சாத்தப்பட்டுவிடும். அடுத்த தடவை ஏற்றப் போனால் 'நோ டார்கெட் ஃபவுண்ட்'.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? அந்த இரண்டு பின்னையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எத்தனை பேருக்கு வரும்? வருகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கும், அவர் போய் அணைத்துக்கொள்ளட்டும். முதன்முதலாக எல்இடி மின்ன வைக்கப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏன் இதைக் கட்ட வேண்டும்? "இதை ஏற்றினால் அடுத்த முறை டீபக்கர் சேராது" என்று ஒரு வரி எச்சரிக்கை காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அந்த எரர் செய்தியை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. வயர் கழன்றிருந்தாலும் அதே செய்தி, போர்டுக்கு 3.3 வோல்ட் போகாவிட்டாலும் அதே செய்தி, டீபக் போர்ட் அடைபட்டிருந்தாலும் அதே செய்தி. பாவம், பிள்ளை ஜம்பர் வயரை மாற்றிப் பார்க்கிறது, டிரைவரை அழித்துத் திரும்பப் போடுகிறது, கடைசியில் கடைக்கு ஓடுகிறது. கடைக்காரரோ சோதித்துக்கூடப் பார்க்காமல் "ஷார்ட் ஆகியிருக்கும் தம்பி" என்று இன்னொரு போர்டைத் தூக்கிக் கொடுக்கிறார். அதே ப்ராஜெக்டை அதிலும் ஏற்றுகிறார்கள். அதுவும் 'போயிடுச்சு'.

இதிலிருந்து மீள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை புரோகிராம் ஓடாது, ஓடாதவரை போர்ட்டும் அடைபடாது. அந்த நேரத்தில் நுழைவதற்காகவே 'கனெக்ட் அண்டர் ரீசெட்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய டீபக்கரிலிருந்து சிப்பின் ரீசெட் பின்னுக்கு ஒரு வயர் போக வேண்டும். போர்டில் இருக்கும் நாலு பின் ஹெடரிலோ 3.3 வோல்ட், டேட்டா, கிளாக், கிரவுண்ட் மட்டும்தான், ரீசெட் இல்லை. சரி, பக்கவாட்டில் இருக்கும் ரீசெட் பின்னிலிருந்து வயர் இழுக்கலாம் என்றால், மலிவு விலை டீபக்கர் டாங்கிள்கள் பலவற்றில் ஆர்எஸ்டி என்று அச்சடித்த பின் எஸ்டிஎம்8 என்ற வேறு வகை சிப்புக்கானது, இந்த சிப்புக்கு உதவாது. வேலை செய்யாத பின்னுக்குப் பெயரை மட்டும் அச்சடித்து விற்கிறார்கள்! அப்புறம் என்ன, ஒரு விரல் ரீசெட் பட்டனில், இன்னொரு விரல் மவுஸில். கனெக்ட்டைச் சொடுக்கி, சரியான கணத்தில் பட்டனை விட வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பாடும் வேண்டாம் என்றால் போர்டில் இருக்கும் மஞ்சள் ஜம்பர் (கழற்றி மாட்டும் சிறு இணைப்பு) இரண்டில் பூட்0 என்பதை மட்டும் 1க்கு மாற்றுங்கள், பூட்1 அப்படியே 0வில் இருக்கட்டும். ரீசெட் அழுத்துங்கள். இப்போது சிப் உங்கள் புரோகிராமைத் தொடாமல், தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பிய பூட்லோடர் என்ற சிறு தொடக்கப் புரோகிராமை ஓட்டும். டீபக்கர் சட்டென்று சேர்ந்துகொள்ளும். முழு சிப்பையும் அழித்துவிட்டு ஜம்பரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போர்டு பழையபடி உங்கள் கையில். டீபக்கரே இல்லாவிட்டாலும் யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்றை பிஏ9, பிஏ10 பின்களில் மாட்டி அதே பூட்லோடர் வழியாகப் புது புரோகிராமை ஏற்றலாம். போர்டின் சொந்த யூஎஸ்பியில் செருகிக் காத்திருக்காதீர்கள், இந்த சிப்பின் பூட்லோடருக்கு யூஎஸ்பி தெரியாது.

இவ்வளவுதான் விஷயம். இந்த ஜம்பர் எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து போர்டோடு வைக்க என்ன செலவாகிவிடும்? 2021இல் 4 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை பீக்கோ போர்டில் பட்டனை அழுத்தியபடி செருகினால் பென்டிரைவ் போலத் திறக்கிறது. அதன் பூட்லோடர் அழிக்க முடியாதபடி சிப்பின் ரோமிலேயே இருக்கிறது, எந்தத் தப்பான புரோகிராமும் அதை ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

உண்மையிலேயே மீள முடியாத நிலையும் உண்டு, மறுக்கவில்லை. எஃப்4 வகை சிப்பில் ரீட் புரொடெக்ஷனை (உள்ளே இருக்கும் புரோகிராமைப் பிறர் படிக்காமல் தடுக்கும் பூட்டை) லெவல் 2க்குக் கொண்டுபோனால் திரும்ப வழியில்லை. 5 வோல்ட்டைத் தாங்காத பின்னில் 5 வோல்ட் கொடுத்துப் புகைய விட்டாலும் அப்படித்தான். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. நல்ல உயிரோடு இருக்கும் போர்டுகளைப் பற்றி.

ஆகவே லேப் நடத்தும் ஆசிரியர்களே, முதல் வகுப்பிலேயே அந்த 'நோ டீபக்'கை 'சீரியல் வயர்' என்று மாற்றச் சொல்லுங்கள், பூட்0 ஜம்பரை ஒவ்வொரு பிள்ளையின் கையாலும் ஒரு முறை கழற்றி மாட்ட வையுங்கள். 'செத்துப்போன' போர்டுகளை அலமாரியில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து ஜம்பரை மாற்றிப் பாருங்கள்.