தூங்க வைக்குதுன்னா அதுவும் மருந்துதான்

"இயற்கையானது தானே, சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது." இந்த ஒரு வரியை வச்சே தூக்கத்துக்குன்னு பொடி, டீ, எண்ணெய், கேப்ஸ்யூல்னு என்னென்னமோ வித்துட்டிருக்காங்க. எனக்கு சண்டை இந்த வரியோடதான், மூலிகையோட இல்ல. ஒரு பொருள் உள்ள போயி மூளையில ஏதோ செஞ்சு உங்களுக்குத் தூக்கத்தை வரவைக்குதுன்னா அது மருந்து, செடியில இருந்து வந்தா என்ன ஃபேக்டரியில இருந்து வந்தா என்ன. மருந்துன்னா அளவு இருக்கு, பக்க விளைவு இருக்கு, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாதுன்னு இருக்கு. இல்லங்க எங்க பொடியில பக்க விளைவே கிடையாதுன்னா, விளைவும் அனேகமா கிடையாதுன்னு எடுத்துக்கலாம். ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்ல முடியும்.

அமுக்கராவையே எடுத்துக்குவோம், அதாங்க அஸ்வகந்தா. இந்த லிஸ்ட்லயே கொஞ்சமாவது ஆதாரம் இருக்குன்னா இதுக்குத்தான் இருக்கு. 2021ல அஞ்சு ஆய்வை ஒண்ணா சேத்து, மொத்தம் 400 பேர், பாத்ததுல தூக்கம் கொஞ்சம் தேறுதுன்னு வந்துச்சு. "கொஞ்சம்"ங்கிறதை அடிக்கோடு போட்டுப் படிங்க. அதுவும் இன்னைக்கு ராத்திரி ஒரு ஸ்பூன் போட்டா இன்னைக்கே தூங்குற சமாச்சாரம் இல்ல, வாரக்கணக்குல எடுத்துப் பாத்த ஆய்வுங்க. சரி, வேலை செய்யுது. அப்போ மருந்து. அப்போ மத்த பக்கத்தையும் பாக்கணும்ல? ஈரல் பாதிச்ச கேஸ்கள் பதிவாகியிருக்கு, கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது, தைராய்டு ஹார்மோனை ஏத்திவிடவும் செய்யும். டென்மார்க்ல 2023ல தடையே போட்டுட்டாங்க. தடை போடுற அளவுக்கு மோசமான்னு கேட்டா என் அபிப்ராயம் இல்லைங்கிறதுதான், ஆனா "ஒண்ணும் ஆகாது"ங்கிறதும் பொய்தான்.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க ரொம்ப நாளா தைராய்டு மாத்திரை போடுறவங்க. தூக்கம் வரலைன்னு யாரோ சொன்னாங்கன்னு இந்தப் பொடியை ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, இருந்த தூக்கமும் போச்சு. அதுக்கு என்ன செஞ்சாங்க தெரியுமா, பத்தலை போலன்னு பொடியோட அளவைக் கூட்டினாங்க! டாக்டர்கிட்ட போனப்போ கூட பொடியைப் பத்தி வாயே திறக்கல. நான் கேட்டதுக்கு, "அது மருந்து இல்லையேடா, எதுக்கு சொல்லணும்"னாங்க. அப்புறம் சொல்லி, நிறுத்தி, ரத்தப் பரிசோதனை பாத்து, எல்லாம் பழையபடி வந்துச்சு. பொடி மட்டும்தான் காரணமான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சொல்லாம விட்டதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது.

அடுத்து வலேரியன்னு ஒரு செடியோட வேர். பாட்டில் மூடியைத் திறந்தவங்களுக்குத் தெரியும், நாள் பூரா ஷூவுக்குள்ள கிடந்த சாக்ஸ் மாதிரி ஒரு நாத்தம் வரும். சும்மா சொல்லல, கால் நாத்தத்துல இருக்கிற அதே ஐசோவலேரிக் ஆசிட் தான் இதுலயும் இருக்கு. இவ்வளவு நாறுதுன்னா கண்டிப்பா வேலை செய்யும்னு மனசு நம்பிடும் போல! ஆனா அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, நாள்பட்ட தூக்கமின்மைக்கு வலேரியனைப் பரிந்துரைக்க வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க. அதே வேண்டாம் லிஸ்ட்ல மெலடோனினும் இருக்கு, புரதத்துல இருக்கிற டிரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலமும் இருக்கு.

டிரிப்டோஃபான்னதும் பால் ஞாபகம் வரும். பால்ல டிரிப்டோஃபான் இருக்கு அதான் தூக்கம் வருதுன்னு எல்லாரும் ஷேர் பண்றாங்க, இருக்குறது உண்மைதான், ஆனா ஒரு டம்ளர்ல இருக்கிற அளவு ஒருத்தரை தூங்க வைக்கப் பத்தாது. சரி, பத்தாதுன்னு அதையே மாத்திரையா பண்ணி வித்தப்போ என்ன ஆச்சு? 1989ல அமெரிக்கால டிரிப்டோஃபான் மாத்திரை சாப்பிட்டவங்க 1500 பேருக்கு மேல கடுமையான தசைவலி, ரத்தத்துல கோளாறுன்னு படுத்தாங்க, 30 பேருக்கு மேல செத்தே போனாங்க. தயாரிப்புல கலந்த அசுத்தம்தான் காரணம்னு பெரும்பாலும் சொல்றாங்க. உடம்புக்குப் பழக்கமான பொருள்தான், ஆனா அது பாட்டிலுக்குள்ள எப்படி வந்து சேந்துச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல.

மெலடோனின் கதையும் இதே கதைதான். இது மூலிகையே கிடையாது, இருட்டினதும் மூளைக்குள்ள இருக்கிற பினியல் சுரப்பி விடுற ஹார்மோன், 1958ல ஆரோன் லெர்னர்னு ஒரு தோல் டாக்டர் மாட்டோட பினியல் சுரப்பியில இருந்து பிரிச்செடுத்தது. அது தூங்க வைக்கிறதை விட "ராத்திரி ஆகிடுச்சு"ன்னு உடம்புக்குத் தகவல் சொல்றதுதான் அதிகம், அதனால தூர தேசம் பறந்து போயி நேரம் குழம்பினவங்களுக்கு உதவும், கடன் கவலையில கூரையைப் பாத்துட்டு படுத்திருக்கிறவங்களுக்கு பெருசா உதவாது. பிரிட்டன்ல டாக்டர் சீட்டு வேணும், அமெரிக்கால மிட்டாய் கணக்கா அலமாரியில அடுக்கி வச்சிருக்காங்க. கனடால முப்பது சொச்சம் மெலடோனின் தயாரிப்புகளை வாங்கி சோதிச்சுப் பாத்தாங்க, 2017ல வந்த ஆய்வு அது. லேபிள்ல போட்டதை விட 83 சதவீதம் கம்மியா இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமா இருந்ததும் உண்டு. எட்டுல மூளையில வேலை செய்ற செரடோனின்ங்கிற இன்னொரு ரசாயனம் வேற இருந்துச்சாம், லேபிள்ல அதைப் பத்தி மூச்சே இல்ல.

ஜாதிக்காய் பத்தி ஒரே விஷயம். சமையல்ல போடுற சிட்டிகையால ஒண்ணும் ஆகாது. தூக்கம் வரலைன்னு டீஸ்பூன் கணக்குல அரைச்சுக் குடிக்காதீங்க, அதுல இருக்கிற மிரிஸ்டிசின் அளவு கூடினா வாந்தி, படபடப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுறதுன்னு கொண்டு விட்டுரும்.

இவ்வளவு பேசிட்டு நானும் ராத்திரி சீமைச்சாமந்தி (கேமமைல்) டீ குடிக்கிறவன்தான், சிரிக்காதீங்க. காஞ்ச பூவைக் கொதிச்ச தண்ணியில போட்டு தட்டு மூடி பத்து நிமிஷம் விட்டா தண்ணி பொன் நிறமா மாறும், ஆப்பிள் வாசனை மாதிரி லேசா வரும். அதுல அபிஜெனின்னு ஒண்ணு இருக்கு, மூளையில தூக்க மாத்திரை போயி ஒட்டுற அதே இடத்துல இதுவும் ஒட்டும், ஆனா ரொம்ப வீக்கா. ஒரு கப் டீயில என்னைச் சாய்க்கிற அளவுக்கு அது இருக்கும்னு நான் நம்பல. நான் நம்புறது அந்த பத்து நிமிஷத்தை. போனை அந்தப் பக்கம் வச்சுட்டு, பெரிய லைட்டை அணைச்சுட்டு, காஃபி இல்லாத ஏதோ சூடா ஒண்ணு கையில. காஃபி குடிச்சா அதுல இருக்கிற கஃபீன் பாதியா குறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்ட்ராங்கா அடிச்சுட்டு பதினோரு மணிக்கு எந்த மூலிகை நல்லதுன்னு தேடுறவங்களைப் பாத்தா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

வெந்நீர் குளியலும் அப்படித்தான், காசில்லாத வைத்தியம். படுக்குறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி, 40 டிகிரி சொச்சம் சூட்டுல. கை கால்ல ரத்த ஓட்டம் கூடி உடம்போட உள்சூடு வெளிய போயிரும், அந்த உள்சூடு இறங்குறதுதான் தூக்கத்துக்கான சிக்னல். 2019ல வந்த தொகுப்பு ஆய்வுல சராசரியா ஒரு பத்து நிமிஷம் சீக்கிரம் தூங்குறாங்கன்னு வந்துச்சு. யாரும் இதை பாட்டில்ல அடைச்சு விக்க முடியாது, அதனாலயே விளம்பரம் இல்ல.

மாசக்கணக்குல தூக்கம் இல்லாதவங்களுக்கு முதல் சிகிச்சைன்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரிங்கிற டாக்டர்கள் அமைப்பு 2016ல சொன்னது மாத்திரையும் இல்ல மூலிகையும் இல்ல, தூக்கமின்மைக்கான சிபிடி, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற பயிற்சி. தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரி, தூக்கம் வந்தா மட்டும் படு, இருபது நிமிஷமா புரண்டுட்டே இருந்தா எந்திரிச்சு வேற ரூமுக்குப் போ, அப்படின்னு போகும். கேக்க சப்புன்னு இருக்கும், செய்றதுக்குள்ள முதல் ரெண்டு வாரம் நாக்கு தள்ளிரும், ஆனா வேலை செய்யுது.

குறட்டை பெருசா விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி முழிக்கிறவங்க, படுத்ததும் கால் சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு உதறுறவங்க, நீங்க டீ பக்கமே போக வேண்டாம், நேரா டாக்டர்தான். முதல் ஆளுக்கு தூக்க மயக்கம் கொடுக்கிற எதுவும் நிலைமையை மோசமாக்கலாம். ரெண்டாவது ஆளுக்குப் பல நேரம் இரும்புச்சத்து குறைஞ்சிருக்கும், அது ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிரும்.

ஏற்கெனவே ஏதாவது மூலிகை எடுக்கிறீங்கன்னா, சுகர், பிரஷர், தைராய்டு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரைன்னு எதுக்கு டாக்டர்கிட்ட போனாலும் அதையும் சேத்துச் சொல்லுங்க. ஆபரேஷன்னா மயக்க மருந்து கொடுக்கிறவங்ககிட்ட கட்டாயம் சொல்லணும். பேர் ஞாபகம் இல்லைன்னா டப்பாவையே கொண்டு போயி மேசை மேல வைங்க, அவங்களே படிச்சுப் பாத்துக்குவாங்க.