ஓவர்ரைடிங் விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பது எதற்கு?

மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவுக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும் புதிய பட்டதாரிகளிடம் ஜாவா நிரல்மொழியில் ஓவர்லோடிங்குக்கும் (ஒரே பெயரில், வேறு பாராமீட்டர்களோடு பல மெத்தட்கள்) ஓவர்ரைடிங்குக்கும் (பேரன்ட் கிளாஸின் மெத்தடைச் சைல்ட் கிளாஸ் அதே வடிவில் திருப்பி எழுதுவது) வித்தியாசம் கேட்டால், கட்டம் போட்ட விடை மடமடவென்று வந்துவிடுகிறது. பேரன்ட் கிளாஸில் பப்ளிக்காக (எவரும் அழைக்கும்படி) உள்ள மெத்தடைச் சைல்ட் கிளாஸில் புரொடெக்டடாக்கினால் (அழைக்கும் உரிமையைச் சுருக்கினால்) ஜாவா கம்பைலர் ஏன் மறுக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகிறது. குறை அவர்களுடையதன்று; விதிகளைப் பட்டியலாகக் கொடுத்து, காரணத்தைச் சொல்லாமல் விட்ட பாடமுறையினுடையது.

காரணம் ஒன்றுதான். மெத்தடை அழைப்பவருக்குத் தெரிந்தது பேரன்ட் கிளாஸ் மட்டுமே. உள்ளே இருப்பது எந்தச் சைல்டின் ஆப்ஜெக்ட் என்பது ஓடும்போதுதான் முடிவாகிறது. ஆகவே பேரன்ட் திறந்து வைத்ததைச் சைல்ட் மூடக் கூடாது. அழைப்பவர் கேட்ச் எழுதியிராத புதிய செக்டு எக்ஸெப்ஷனை (கையாளவோ அறிவிக்கவோ வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழையை) எறியக் கூடாது. ஆனால் ‘வாகனம்’ தருவதாகச் சொன்ன இடத்தில் ‘கார்’ தருவதால் எவருக்கும் நட்டமில்லை என்பதால், 2004-இல் வந்த ஜாவா 5 அதற்கு இடம் கொடுத்தது. ஆப்ஜெக்டைச் சாராமல் கிளாஸுக்கே உரிய ஸ்டாட்டிக் மெத்தட் எது என்பது கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடுவதால், அதை ஓவர்ரைடு செய்யவே முடியாது.

கம்பைலர் பார்ப்பது வடிவத்தை மட்டுமே, நடத்தையை அன்று. நடத்தையும் மாறக் கூடாது என்பதைத்தான் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஓர் உரையில் முன்வைத்து, 1994-இல் ஜீனெட் விங்குடன் எழுதிய கட்டுரையில் விரிவாக்கினார். ஜாவாவின் சொந்த நூலகமே இதில் சற்று நழுவுகிறது: அர்ரேயை லிஸ்டாக்கித் தரும் அரேஸ்.ஆஸ்லிஸ்ட் மெத்தடின் லிஸ்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்க ‘ஆட்’ என்று அழைத்தால், கம்பைலர் வாய் திறப்பதில்லை. ஓடும்போதுதான் எக்ஸெப்ஷன் வந்து விழுகிறது.

நடைமுறையில் அதிகம் படுத்துவது வேறொன்று. ஸ்டூடன்ட் கிளாஸில், இரு ஆப்ஜெக்ட்கள் சமமா என்று பார்க்கும் ‘ஈக்வல்ஸ்’ மெத்தடை எழுதும் மாணவர், ஆப்ஜெக்ட் என்று பெற வேண்டிய பாராமீட்டரை ஸ்டூடன்ட் என்று எழுதிவிடுகிறார். அது ஓவர்லோடிங் ஆகிவிடுகிறது; லிஸ்ட் தேடும்போது அழைப்பதோ ஆப்ஜெக்டைப் பெறும் பழைய மெத்தடைத்தான். அதே பதிவெண்ணோடு புதிதாக உருவாக்கிய ஸ்டூடன்டை அர்ரேலிஸ்டில் தேடினால், ‘ஃபால்ஸ்’ என்றே வருகிறது. மேலே @ஓவர்ரைடு (இது ஓவர்ரைடிங் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) என்று ஒரு வரி இருந்திருந்தால் கம்பைலர் அங்கேயே பிடித்திருக்கும். ஜாவா அதை விருப்பத்துக்கு விட்டது தவறு என்றே கருதுகிறேன். காட்லின் என்ற நிரல்மொழி அத்தகைய குறிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மொழியை நாம் மாற்ற முடியாது. ஆனால் ரெக்கார்டு நோட்டில் அந்த வரி இல்லாத புரோகிராமுக்குக் கையெழுத்து கிடையாது என்று லேப் ஆசிரியர்கள் இந்தப் பருவத்திலிருந்தே சொல்லலாம்.