இறங்கின வண்டி திரும்பி ஏறும் வரைக்கும்

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்த மாமனாருக்கு வலது கை தூக்க வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஏற்காட்டிலேயே டாக்டர் பார்த்துவிட்டு, உடனே சேலத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். பக்கவாதம் என்றால் முதலில் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றினோம், கிளம்பினோம்.

காரில் இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் வேடிக்கைதான். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கிப் பாருங்கள். கூட வந்த மருத்துவ உதவியாளர் சின்னப் பெண், இருபத்து மூன்று வயது இருந்தால் அதிகம். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமனாரின் தாடையைத் தாங்கியிருந்தார். "அண்ணா, ஐயாவுக்குக் குமட்டுற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், இல்லன்னா புரையேறிடும்." அப்புறம் நாலைந்து வளைவு தாண்டியதும் அவரே பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது. "சொந்த ஊரு தஞ்சாவூர் பக்கம்ணா. மலை இன்னும் பழகல."

பைலட் (டிரைவரை அப்படித்தான் சொல்கிறார்கள்) மலைக்காரர். எந்த வளைவில் பிரேக்கைத் தொட வேண்டும், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும் என்பது காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அன்று நாங்கள் இறங்குகிற பக்கம். எதிரே வந்த லாரிக்காரர் நீல விளக்கைப் பார்த்ததும், திணறிக்கொண்டு ஏறிய லோடு வண்டியை அப்படியே ரிவர்ஸ் எடுத்து ஓரம் கட்டினார். அவர் யாரோ, நல்லா இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வெளியே டீ குடித்தபோது பைலட் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "மறுபடி மேல போய் நிக்கறதுக்குள்ள மணி பன்னண்டு தாண்டிரும்ணா. அதுக்குள்ள மேல இன்னொரு கேஸ் வராம இருக்கணும்."

மாமனார் பிழைத்துக்கொண்டார். இடது கையால் காபி குடிக்கிறார். திட்டு மட்டும் பழையபடி.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் வந்தது. இன்றைக்கு 1,300 வண்டிகளுக்கு மேல் ஓடுகின்றன. பணம் அரசுடையது, நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம். உள்ளே இருக்கும் பைலட்டும் உதவியாளரும் அரசு ஊழியர்கள் இல்லை என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. புது வண்டிகள் வந்தால் கொடியசைக்கிற படம் பேப்பரில் வரும். நாமும் வண்டியைத்தான் எண்ணுகிறோம். மலையில் எண்ண வேண்டியது அது இல்லை. ஒரு வண்டி கீழே இறங்கினால் அது திரும்பும் வரைக்கும் மேலே ஒன்று குறைவு. வாழவந்தியிலோ மாரமங்கலத்திலோ ஒரு பிரசவ வலி அந்த நேரம் பார்த்துதான் வரும். சமவெளிக் கணக்கை மலைக்குப் போடக் கூடாது. மேலிருந்து ஒரு வண்டி கிளம்பினால், அதே நிமிஷம் அடிவாரத்திலிருந்து ஒன்று ஏறி வந்து நிற்க வேண்டும். அதைக் கட்டாய விதியாகவே எழுதி வைக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். பாதை அடைபட்ட பிறகு எந்த வண்டி ஏறும்?

அடுத்து ஆட்கள். 12 மணி நேர ஷிப்ட். ஒரு வண்டி ராப்பகல் ஓட நாலு பேர் போதும், விடுப்புக்கு மாற்று ஆள் தனி. தொழிற்சங்கம் கேட்கிற மாதிரி 8 மணி நேரம் ஆக்கினால் ஆறு பேர் வேண்டும். இடிப்பது அந்த இரண்டு சம்பளம்தான், வேறொன்றுமில்லை. தீபாவளி நெருங்கும்போது வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் மட்டும் "உயிரோடு விளையாடுகிறார்கள்" என்கிறோம். பதினோரு மணி நேரம் ஓட்டி முடித்தவரை இருபது வளைவு இறங்கச் சொல்வது மட்டும் விளையாட்டு இல்லையா?

ஆள் எடுக்கும் விளம்பரங்களையும் பார்த்திருக்கிறேன். பைலட்டுக்கு பத்தாம் வகுப்பு, பேட்ஜ், உயரம் 162.5 செ.மீ. மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா என்று ஒரு வரி என் கண்ணில் படவில்லை. உயரத்தை அரை சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கிறவர்களுக்கு இது தோன்றாதா? உதவியாளர் வேலைக்குக் கேட்கிற நர்சிங்கும் விலங்கியலும் படித்துவிட்டு சேலம் ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகள் எங்கள் மலையிலேயே இருக்கிறார்கள். எந்த எஸ்டேட் கேட்டைப் பூட்டியிருப்பார்கள், எந்தத் தடத்தில் மழைக்கு வண்டி போகாது என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். தஞ்சாவூர்ப் பெண்ணைத் தஞ்சாவூரில் போட்டால் அவருக்கும் நிம்மதி.

போன வாரம் ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. அவர்தானோ என்று எட்டிப் பார்த்தேன். வேறொரு தம்பி உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். ராமநாதபுரமாம்.