மொரார்ஜி கேஸ்ல கோர்ட் சொன்னது அது இல்ல

அண்ணே, நம்ம முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாயைப் பத்தி "மொரார்ஜி சிஐஏ ஏஜென்ட்னு அமெரிக்க கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு போட்டிருக்கீங்க, தப்பு. 1983ல அமெரிக்கப் பத்திரிகையாளர் செய்மோர் ஹெர்ஷ் தன் புக்ல, ஜான்சன் அமெரிக்க ஜனாதிபதியா இருந்த காலத்துல இவரு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏகிட்ட வருஷத்துக்கு 20,000 டாலர் வாங்கினாருன்னு எழுதினாரு, மொரார்ஜி 5 கோடி டாலர் கேட்டு அவதூறு கேஸ் போட்டாரு, 1989ல சிகாகோ ஜூரி ஹெர்ஷ் பக்கம் தீர்ப்பு சொன்னது நிஜம்தான். ஆனா அங்க சட்டம் வேற மாதிரிண்ணே, அரசியல்வாதி ஜெயிக்கணும்னா எழுதினது பொய்னு காட்டினா மட்டும் பத்தாது, பொய்னு தெரிஞ்சே இல்லன்னா உண்மையா பொய்யான்னு கவலையே படாம எழுதினாங்கன்னும் அவருதான் நிரூபிக்கணும், இங்கயோ தகவல் குடுத்தவங்க பேரையே ஹெர்ஷ் சொல்லல. ஜூரிகிட்ட மொரார்ஜி தோத்தாருன்னா ஏஜென்ட்னு அர்த்தமா? அதே கேஸ்ல முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர், எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் இல்லன்னு சாட்சி சொன்னாரே, அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? அப்ப மொரார்ஜிக்கு 93 வயசு, சிகாகோ போகவே முடியல.

நான் ஒண்ணும் அவரு ரசிகன் இல்ல, பாம்பேல மதுவிலக்கை அவரு இறுக்கிப் பிடிச்சதுக்கு மாதுங்கால எங்க தாத்தா சாகுறவரைக்கும் திட்டிட்டு இருந்தாரு. திட்டணும்னா அதுக்குத் திட்டுங்க.