கார் ஒன்றானால் போதுமா? தடம் யாருடையது?

ரேஸ் பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாக்குவாதம் வந்தே தீரும். "அந்தக் காரைக் கொடுத்தா யார் வேணும்னாலும் ஜெயிப்பான்." சரி, எல்லாருக்கும் ஒரே காரைக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று அமெரிக்காவில் 1973-இலேயே இறங்கினார்கள். அதுதான் ஐராக், இன்டர்நேஷனல் ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ். ரோஜர் பென்ஸ்கி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

முதல் சீசனில் அழைக்கப்பட்ட 12 பேரைப் பாருங்கள். ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்கள் ஃபிட்டிபால்டி, டென்னி ஹல்ம். திறந்த சக்கரக் கார்கள் ஓடும் அமெரிக்கத் தொடரான இண்டிகார் பக்கம் ஏ.ஜே. ஃபாய்ட், பாபி அன்ஸர். ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்காரிலிருந்து ரிச்சர்ட் பெட்டி, டேவிட் பியர்சன், பாபி அலிசன். எல்லாருக்கும் ஒரே மாதிரி போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஆர். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் மூன்று ரேஸ், 1974 பிப்ரவரியில் டேட்டோனாவில் ஃபைனல். நான்கில் மூன்றை ஜெயித்துப் பட்டம் வாங்கியவர் மார்க் டோனஹ்யூ.

டோனஹ்யூ மகத்தான டிரைவர், சந்தேகமே இல்லை. ஆனால் அதே வருஷம் கேன்-ஆம் என்ற ஸ்போர்ட்ஸ் கார் தொடரின் பட்டத்தை அவர் வாங்கியதும் போர்ஷே 917/30-இல்தான். அந்தக் காரைச் சோதித்துச் சோதித்து உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. போர்ஷே அவருக்குப் பழகிய வண்டி. ஓடியதெல்லாம் வளைவுகள் நிறைந்த ரோடு கோர்ஸ். வாரா வாரம் கனமான கார்களை ஓவலில், அதாவது நீள்வட்டத் தடத்தில், ஓட்டும் பெட்டிக்கும் பியர்சனுக்கும் அது அந்நிய ஊர்.

அடுத்த சீசனில் இதைத் திருத்தினார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கார் ஷெவ்ரலே கமாரோ ஆனது. ரிவர்சைடோடு மிச்சிகன் ஓவலும் டேட்டோனா ஓவலும் சேர்ந்தன. ரோடு கோர்ஸில் வேகம் காட்டியவர் ஓவலிலும் காட்ட வேண்டும். அந்த வருஷங்களில் பட்டம் வாங்கியவர்கள் பாபி அன்ஸர், இரண்டு முறை ஃபாய்ட், அல் அன்ஸர், மரியோ ஆண்ட்ரெட்டி, அப்புறம் 1980-இல் நாஸ்காரின் பாபி அலிசன். எந்த வண்டியில் ஏற்றினாலும் ஓட்டக்கூடியவர்கள் என்று இந்தப் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு 1984-இல் மறுபடி வந்தது. அதற்கப்புறம் 2006-இல் ஓட்டம் நிற்கும் வரை, இரண்டு முறை ஜெயித்த அல் அன்ஸர் ஜூனியரை விட்டால், பட்டம் முழுக்க நாஸ்கார் டிரைவர்களுக்கே. மார்க் மார்ட்டின் மட்டும் ஐந்து முறை. காரணம் பெரிய மர்மம் இல்லை. 1990-களில் ரோடு கோர்ஸ் காணாமல் போய், எல்லா ரேஸும் ஓவலுக்கே போய்விட்டது. கார்கள் துளியும் வித்தியாசப்படக் கூடாது என்று டேவ் மார்சிஸ் போன்ற அனுபவசாலிகளை வைத்து ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துச் சமன் செய்தார்கள். அந்த அக்கறையில் பாதியைத் தடத்துக்குக் கொடுத்திருந்தால்! ஓவல் ஓட்டுவது சாதாரண வித்தை இல்லை. நாஸ்கார் ஜாம்பவான் டேல் எர்ன்ஹார்ட் ஓட்டியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் சோதித்துவிட்டு 'சாம்பியன்களின் சாம்பியன்' என்று பட்டம் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023-இல் சிகாகோ தெருக்களில் நாஸ்கார் ரேஸ் வைத்தபோது என்ன நடந்தது? நியூசிலாந்துக்காரர் ஷேன் வான் கிஸ்பெர்கன் தன் முதல் நாஸ்கார் கப் ரேஸிலேயே எல்லாரையும் முந்தினார். தடம் மாறியதும் வரிசையே மாறிவிட்டது.

இன்றைய டிரைவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஃபார்முலா ஒன்னின் அலோன்சோ இண்டி 500 என்ற ஓவல் ரேஸில் ஓட்டினார், லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை இரண்டு முறை ஜெயித்தார். நாஸ்காரின் கைல் லார்சன் இண்டி 500-க்குப் போனார். ஃபார்முலா ஒன்னின் வெர்ஸ்டாப்பன் 2025-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஜிடி3 ரக ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டி ஜெயித்தார். ஒப்பந்தம், காலண்டர், ஸ்பான்சர் என்று அணிகள் நூறு தடை சொல்லும், சொல்லட்டும். டேட்டோனா ஓவல் ஒன்று, வாட்கின்ஸ் கிளென் ரோடு கோர்ஸ் ஒன்று, ஒரு தெரு சர்க்யூட், ஒரு மண் தடம். நாலே ரேஸ், ஒரே ரகக் கார்கள், யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பணமும் செல்வாக்கும் உள்ள யாராவது இதை முன்னெடுங்கள். பென்ஸ்கி அணி இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.