பிள்ளைகளோடு கடற்கரை வீடு எடுக்கிற வெப்ராளம்

"கடலுக்கு ரெண்டு நிமிஷ நடை. ஃபேமிலிக்கு சூப்பர். ஒரு குழப்பமும் இல்ல சார்." கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி பூவாறு, கோவளம், வர்க்கலை என்று எந்தப் பக்கம் வீடு கேட்டு போன் போட்டாலும் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். மலையாளத்தில் குழப்பமில்லை என்றால் சிக்கல் ஒன்றுமில்லை என்று பொருள், எல்லைக்காரர்களுக்கு அது தெரியும். ஆனால் கைக்குழந்தையையும் நாலு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எல்லாக் குழப்பமும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த ரெண்டு நிமிஷம். யாருடைய காலுக்கு? மேப்பில் நேர்கோடு இழுத்து அளந்த தூரம் அது. கோவளம் லைட்ஹவுஸ் பீச்சில் கடலை ஒட்டிய நடைபாதைக்குள் கார் வராது. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, இரண்டு பெட்டி, பால்பவுடர் பை, தோளில் தூங்கிப்போன பிள்ளை என்று எல்லாவற்றையும் சுமந்துதான் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வர்க்கலைக் குன்றின் மேல் அறை எடுத்தால் ஜன்னலில் கடல் தெரியும், காலில் தொட செங்குத்தான படி இறங்க வேண்டும். இறங்கும்போது துள்ளி ஓடுகிற பிள்ளை ஏறும்போது இடுப்பில்தான் வரும். அந்த விளிம்பு நடைபாதைக்கு எல்லா இடத்திலும் கம்பி வேலி கிடையாது. நடக்கப் பழகும் குழந்தை உள்ளவர்களுக்கு அந்த வரிசையில் வீடே வேண்டாம்.

இதைவிடப் பெரிய மோசடி "கடப்புறத்தை ஒட்டிய வீடு". ஒட்டித்தான் இருக்கும், ஆனால் நடுவில் ஆள் உயரத்துக்குக் கருங்கல் கொட்டியிருப்பார்கள். கடல் அரிப்புக்குத் தடுப்புச் சுவரும், கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டுகிற தூண்டில் வளைவும் போட்ட ஊர்கள் எல்லைக்கு இந்தப்பக்கமும் உண்டு, அந்தப்பக்கமும் உண்டு. கல்லுக்கு முன்னால் மணலே இருக்காது. சாட்டிலைட் படத்தில் வெளிர் மணல் பட்டை தெரிகிறதா, கறுப்புக் கல் வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். அதுவும் போதாது, படம் எந்த மாதத்தில் எடுத்ததோ! ஜனவரியில் அகலமாகக் கிடக்கிற மணலை மழைக்காலக் கடல் தின்றுவிடும். வீட்டு வாசலில் தொடங்கி மணலில் கால் வைக்கும் வரை, நடுவில் நிறுத்தாமல் எடுத்த இன்றைய வீடியோ கேளுங்கள். அனுப்பமாட்டேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

இனி கடல். வாடகை பேசுகிற யாரும் வாயைத் திறக்காத விஷயம் இதுதான். நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியும் மே மாதமும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. பள்ளிக்கூடம் பூட்டுகிற நேரமும் கடல் குணம் மாறுகிற நேரமும் ஒன்றாக வந்து தொலைக்கின்றன. போதாததற்குக் கள்ளக்கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல்காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து சில நாள் கழித்து நம் கரையில் ஏறுகின்றன. இங்கே காற்று இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், திடீரென்று தண்ணீர் நடைபாதை வரை வந்துவிடும். திருடன் மாதிரி வருவதால்தான் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாட்களில்தான். வளர்ந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி என்றால் மூன்று வயதுக்கு?

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் இந்த எச்சரிக்கையை மாவட்டம் வாரியாக, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதோடு வெளியிடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலும், அங்கே தினம் காலையிலும் அதைப் பாருங்கள். பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: "கடல் எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா?" மழைக்குக்கூடச் சிலர் தலையாட்டுவார்கள், இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் கண்ணை நம்பாதீர்கள். அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். "இங்க அலையில்ல, பிள்ளைகளை இங்க இறக்கலாம்" என்று எல்லாரும் அங்கேதான் போவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது, இழுப்பு முழுக்க அதில்தான். தூண்டில் வளைவின் ஓரத்திலும் அதே கதை. பூவாற்றில் நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகம் படத்துக்கு அழகு, ஆனால் கரை சட்டென்று சரிந்து ஆழமாகும், குளிக்கிற இடமே இல்லை. சிறு பிள்ளை என்றால் அதன் முழங்கால் அளவுத் தண்ணீர் மட்டும். உங்கள் முழங்கால் கணக்கில்லை. பெரியவர் கடல் பக்கம் நிற்க வேண்டும், கையெட்டும் தூரத்தில். காற்றடைத்த வளையம், வாத்து பொம்மையெல்லாம் கடலுக்கு ஆகாது, கரைக்காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும். காலை எட்டரைக்குள், மாலை நாலரைக்குப் பிறகு. கோவளத்து மணலில் கறுப்புத் தாது கலந்திருக்கிறது, உச்சிவெயிலில் பிஞ்சுக் காலை வறுத்துவிடும்.

வாடகைக்கு வருவோம். கோவளத்துக்கு சீசன் என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கிறிஸ்துமஸ் வாரம் உச்சம். மே மாதம் அவர்கள் கணக்கிலேயே ஆஃப் சீசன். ஆனால் பள்ளி விடுமுறைக் குடும்பம் என்று குரலிலேயே மோப்பம் பிடித்து சீசன் விலை சொல்கிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை தங்கக் கேளுங்கள், ஆஃப் சீசன் விலை என்ன என்று நேராகக் கேளுங்கள். ஒரு இரவு வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு மேல் 18. ஜிஎஸ்டி எண் இல்லாதவர் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் எண்ணிக்கை சொல்லும்போது "ரெண்டு பெரியவர், ரெண்டு பிள்ளை" என்று நிறுத்தாமல் வயதையும் எழுதுங்கள். ஓரிடத்தில் ஐந்து வயது வரை இலவசம், இன்னோரிடத்தில் மூன்று. வாசலில் நின்றுகொண்டு எக்ஸ்ட்ரா பெட் பேரம் பேசுகிற நிலைமை யாருக்கும் வேண்டாம். செக்கின் மதியம் 2 மணி என்பார்கள், பிள்ளை தூங்குகிற நேரம் ஒரு மணி. வார நாளில் முந்தைய இரவு ஆள் இல்லை என்றால் 11 மணிக்கே திறந்துவிடச் சொல்லலாம், கேட்டால் தருகிறவர்கள் உண்டு.

அடுத்து "கிச்சன் உண்டு". போய்ப் பார்த்தால் ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு கீறல் விழுந்த தவா. வீட்டிலிருந்து எடுத்துப்போன அலுமினிய இட்லிப் பானையும் பால் பாத்திரமும் அதில் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேலை செய்யும், கிளம்பும் முன் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கோடை இடிமழையில் கரண்ட் போனால் "இன்வெர்ட்டர் உண்டு" என்பார்கள். அது ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், அடுப்பும் ஏசியும் நின்றுவிடும். ஏத்தங்காய்ப் பொடியும் கூவரகுப் பொடியும் பையில் இருந்து என்ன பயன், கூழ் காய்ச்ச நெருப்பு வேண்டாமா? கேஸ் அடுப்பு இருக்கிறதா, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். கடலோரக் கிணறு பல இடத்தில் உப்பு. "காய்ச்சிக் குடிங்க" என்பது அவர்கள் உபதேசம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். அதில் பால்பவுடர் கலக்கவே கூடாது. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்று கணக்கு வைத்து, யார் கொண்டுவந்து போடுவார் என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நாலு, தண்ணீர் பொட்டலத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு.

படத்தில் அழகாகத் தெரிகிற பால்கனியை வீடியோ காலில் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தவழும் குழந்தைக்கு ஆபத்து. கிடைமட்டக் கம்பி என்றால் பிள்ளைக்கு அது ஏணி. பால்கனிக் கதவுக்கு மேலே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். நீச்சல் குளம் இருக்கிறதென்று குதிக்காதீர்கள், வேலி இருக்கிறதா, கதவு பூட்டுகிறதா, தாக்கோல் யார் கையில்? பூவாற்றுத் தீவு விடுதி, மிதக்கும் குடில் என்று ஆசை காட்டுவார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் 103 என்றால் படகோட்டியை எழுப்ப வேண்டும். அந்தப் படகில் பிள்ளை எடைக்கேற்ற, தொடை நடுவே வார் போகிற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களுடையதை மாட்டினால் தண்ணீரில் அது தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும்.

அட்வான்ஸ் 30 சதவீதத்துக்கு மேல் அனுப்பாதீர்கள், வீடியோ காலில் வீட்டைக் காட்டாதவருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். போனதும் பைகளை இறக்கும் முன், சுவர், மெத்தை, பாத்ரூம் ஓட்டை எல்லாவற்றையும் ஒரு வீடியோ. ஏனென்றால் கிளம்புகிற காலை 11 மணிக்கு டெபாசிட்டில் கை வைப்பார்கள்: பாத்ரூம் அடைத்துவிட்டது, மணல், 500 ரூபாய். கடற்கரை வீடு என்று விளம்பரம் போட்டு வாடகைக்கு விடுகிறவருக்கு, பிள்ளைகள் காலில் மணலோடு வரும் என்று தெரியாதா? வாசலில் ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு மக்கு. அதை வைக்க என்ன செலவாகிவிடும்!